பிளாஸ்டிக் ஃபியூஸ் பாக்ஸ்: எந்த அறிகுறிக்கு எந்தக் குறி?

“தம்பி, ஃபியூஸ் பாக்ஸ் பிளாஸ்டிக்காம். சி2 போட்டிருக்கினம். 28 நாளுக்குள்ள மாத்த வேணுமாம். உண்மையே?”

லண்டனில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் என்னைக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அறிக்கையை அனுப்பச் சொல்லிப் பார்ப்பேன். ‘கன்ஸ்யூமர் யூனிட் பிளாஸ்டிக், இரும்பாக மாற்றவும், சி2’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். கன்ஸ்யூமர் யூனிட் என்பது ஃபியூஸ் பாக்ஸின் இன்றைய பெயர். பெட்டி வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, மூடியைத் திறந்தவர் உள்ளே என்ன கண்டார், எங்காவது கருகியிருந்ததா என்றெல்லாம் ஒரு சொல்லும் இருக்காது. சில சமயம் புதுப் பெட்டிக்கான விலை மட்டும் மறக்காமல் இணைக்கப்பட்டிருக்கும்.

பிளாஸ்டிக் என்று எழுதினால் பெட்டி எதனால் செய்தது என்று சொன்னதாகும். அதற்கு என்ன கேடு என்று சொன்னதாகாது. இந்தக் குறிப்பு இங்கிலாந்தில் ஈஐசிஆர் எனப்படும் மின் பரிசோதனை அறிக்கையை எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்கு. அறிக்கையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் வீட்டுக்காரர்களும் படிக்கலாம். அறிகுறியை வைத்துத் தேடுகிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

குறிகளும் விதியும், சுருக்கமாக

சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது. கை வைத்தால் அடிக்கும். சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடிய நிலை. அவசரமாகச் சரிசெய்ய வேண்டும். சி3 என்றால் மேம்படுத்தினால் நல்லது. எஃப்ஐ என்றால் ஏதோ சரியில்லை, தாமதிக்காமல் மேலும் ஆராய வேண்டும். சி1, சி2, எஃப்ஐ இவற்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை ‘திருப்தி இல்லை’ என்று போகும். சி3 எத்தனை இருந்தாலும் ‘திருப்தி’தான்.

இந்த வேறுபாட்டில்தான் பணம் இருக்கிறது. இங்கிலாந்தின் 2020ஆம் ஆண்டு தனியார் வாடகை வீட்டு விதிகளின்படி, 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை செய்ய வேண்டும். அறிக்கை திருப்தி இல்லையென்றால் 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைந்த கெடு சொன்னால் அதற்குள், வேலையை முடிக்க வேண்டும். சி3க்கு அந்தக் கெடு கிடையாது. ஆக, சி3 போடவேண்டிய இடத்தில் சி2 போடுவது ஒருவருடைய சட்டைப் பையில் கை விட்டுப் பணம் எடுப்பதற்குச் சமம். சி2 போடவேண்டிய இடத்தில் சி3 போடுவது அதைவிட மோசம், அங்கே குடும்பம் தூங்குகிறது.

சரி, பிளாஸ்டிக் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது? பிஎஸ் 7671 என்கிற வயரிங் விதிநூலின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 421.1.201 என்று ஒரு விதி சேர்ந்தது. நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 1. வீடுகளில் பொருத்தும் கன்ஸ்யூமர் யூனிட்டின் உறை எரியாத பொருளால் செய்ததாக இருக்க வேண்டும், இல்லையேல் எரியாத பொருளாலான அலமாரிக்குள் அடைபட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எரியாத பொருளுக்கு உதாரணமாக இரும்பு, எஃகு வகையை விதியின் குறிப்பே காட்டுகிறது. 960 டிகிரிக்குச் சூடேற்றிய கம்பியை வைத்துப் பார்க்கும் சோதனையில் தேறிய பிளாஸ்டிக் என்று சிலர் வாதாடுவார்கள். தீப்பற்றுவதைத் தாமதப்படுத்தும் பிளாஸ்டிக், எரியாத பொருள் ஆகிவிடாது.

விதி பிறந்ததற்குக் காரணம் கன்ஸ்யூமர் யூனிட்டில் தொடங்கிய வீட்டுத் தீக்கள். லண்டன் தீயணைப்புப் படை அவற்றை ஆராய்ந்து எச்சரித்தது. பல இடங்களில் மூலம் ஒன்றுதான்: சரியாக முறுக்கப்படாத இணைப்பு சூடேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பற்றவைத்தது. இரும்புப் பெட்டி அந்தத் தீயைக் கொஞ்ச நேரம் உள்ளேயே அடக்கிவைக்கும். இணைப்பை இறுக்கித் தராது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாக் குறிகளும் தானாகவே விளங்கும்.

இன்னொன்று. விதிநூலே தன் முன்னுரையில், பழைய பதிப்பின்படி செய்த வயரிங் புதிய பதிப்போடு எல்லா வகையிலும் பொருந்தாவிட்டாலும் அதனாலேயே அது பாதுகாப்பற்றது ஆகாது, கட்டாயம் மாற்ற வேண்டும் என்றும் ஆகாது என்கிறது. சி2 போடும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

மெயினை அணைக்கும் முன்

நம்மில் பலருக்கு உள்ளே நுழைந்தவுடன் மெயின் சுவிட்சைத் தட்டிவிடும் பழக்கம் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அணைத்துவிட்டால் சூடு ஆறிவிடும், சத்தம் நின்றுவிடும், பாதி அறிகுறி போய்விடும். முதலில் வீட்டுக்காரரிடம் ஷவரையும் கேத்திலையும் அடுப்பையும் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். மூடி மூடியபடியே இருக்கட்டும். முகர்ந்து பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள், புறங்கையைப் பிரேக்கர்களின், அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சுகளின், முகப்புக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்பக் கேமரா இருந்தால் அதையும் பிடியுங்கள்.

கேமராவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள், பக்கத்துப் பிரேக்கரோடு ஒப்பிடுங்கள். மின்கசிவைக் கண்டால் விழும் ஆர்சிடியும் பிரேக்கரும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓக்கள் இயல்பாகவே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். பளபளக்கும் திருகும் செம்பும் கேமராவை ஏமாற்றும்.

அதன் பிறகு அணைத்து, பூட்டுப் போட்டு, சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து, மறுபடி கருவியைச் சரிபார்த்துத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் முனைகள் உயிரோடுதான் இருக்கும். மீட்டரிலிருந்து வரும் அந்த இரண்டு தடித்த வயர்களை, நாங்கள் டெயில்ஸ் என்போம், பெரும்பாலும் சர்வீஸ் ஃபியூஸை எடுத்தால்தான் அணைக்க முடியும். அந்த ஃபியூஸ் மின் வலையமைப்பு நிறுவனத்தின் சொத்து, முத்திரை போட்டது. அதில் நமக்கு வேலையில்லை.

அறிகுறி: பிளாஸ்டிக் பெட்டி, வேறு எந்தக் குறையும் இல்லை

உள்ளே திருகெல்லாம் இறுக்கம், கருகல் இல்லை, மூடி பொருந்தி நிற்கிறது, பெட்டி இருப்பது சமையலறைச் சுவரிலோ வெளியேறும் வழியில் இல்லாத ஓர் அறையிலோ. இதற்கு நான் குறி போடுவதில்லை. எலெக்ட்ரிக்கல் சேஃப்டி ஃபர்ஸ்ட் என்கிற தொண்டு நிறுவனம் வெளியிடும் வழிகாட்டியும் இந்தப் போக்கைத்தான் சொல்கிறது. அறிக்கையின் குறிப்புப் பகுதியில் ‘உறை பிளாஸ்டிக், இன்றைய விதிக்கு முந்தையது, பரிசோதனை நாளில் வெப்பத் தடம் எதுவும் இல்லை’ என்று எழுதினால் போதும். குறி வேண்டாம் என்றால் எழுத வேண்டாம் என்று பொருளில்லை. அடுத்து வருபவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

சி3 போட்டால் தவறா? அடிதடிக்குப் போகமாட்டேன். சிலர் எல்லாப் பிளாஸ்டிக் பெட்டிக்கும் சி3 போடுகிறார்கள், அறிக்கையின் முடிவு அதனால் மாறாது. சி2 போட்டால்தான் நான் காரணம் கேட்பேன்.

அறிகுறி: மாடிப்படிக்குக் கீழே, அல்லது வெளியே போகும் ஒரே வழியில்

இங்கே சி3. லண்டனின் பழைய வீடுகளில் மரப் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அலமாரி இருக்கும். மீட்டரும் ஃபியூஸ் பாக்ஸும் அதற்குள். அங்கே தீப்பிடித்தால் மேலே தூங்குபவர்கள் இறங்கி வரும் படிதான் முதலில் எரியும். கடைக்கு மேலே உள்ள ஃபிளாட்டுகளிலும் இதே கதை. தெருக்கதவைத் திறந்தவுடன் ஒரு குறுகிய நடை, அதிலிருந்து நேராக மேலே ஏறும் படி, கதவுக்கு மேலே ஃபியூஸ் பாக்ஸ். ஓடி வெளியேற வேறு வழியே கிடையாது. கீழே உள்ள கடையின் பெட்டிக்கு 421.1.201 பொருந்தாது, அது வீடுகளுக்கான விதி. மேலே உள்ள ஃபிளாட்டுக்குப் பொருந்தும்.

அலமாரிக்குள் என்ன அடுக்கியிருக்கிறது என்றும் பாருங்கள். நம் வீடுகளில் அரிசி மூட்டை, சூட்கேஸ், பழைய புடவைகள், கல்யாண வீட்டுப் பைகள் என்று பெட்டியை முட்டிக்கொண்டு ஒரு மலையே நிற்கும். அதற்குக் குறி கிடையாது, வாயால் சொல்லுங்கள். “அக்கா, இதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கோ” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்படியே கூடத்தில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

இடம் மோசம் என்பதால் மட்டும் சி3ஐ சி2 ஆக்காதீர்கள். இடம் மோசமாகவும் இருந்து, உள்ளே சூட்டின் தடமும் இருந்தால் அது வேறு கதை, சி2. அந்த வீட்டை நான் அன்றைக்கே சரிசெய்யப் பார்ப்பேன்.

அறிகுறி: பெட்டி மஞ்சளாகிவிட்டது

வீட்டுக்காரர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையில்லாததும் பெரும்பாலும் இதுதான். வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலிலும் வயதிலும் மஞ்சளாகும். முழு மூடியும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் முதுமை, குறி இல்லை. ஒரு பிரேக்கரைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் போலவோ, மேல் விளிம்பில் ஒரே இடத்தில் புகையடித்த மாதிரியோ இருந்தால் அது சூடு. நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக்கை விரலால் தட்டிப் பார்த்தால் சூடுபட்ட இடம் சில சமயம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பழுப்பு வளையம் கண்டால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: மீன் நாற்றம், சூடான பிரேக்கர், உருகிய தடம்

ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு. ஐந்தாண்டுப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். நடையில் நுழைந்ததும் மீன் வாடை. “நேற்று கருவாடு பொரிச்சனாங்கள் தம்பி, அதுதான்” என்றார் அந்த வீட்டு அக்கா. சமையலறைக்குப் போனால் வாடை குறைகிறது, படிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்தால் கூடுகிறது. கருவாடு படிக்குக் கீழே பொரிப்பதில்லையே!

மின் பொருள்களில் பயன்படும் சில பிளாஸ்டிக் வகைகள் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் போலவோ மூத்திரம் போலவோ நாறும். மூடியைக் கழற்றினால் ஷவர் பிரேக்கரின் கீழ் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழைந்து இறுகியிருந்தது, வயரின் உறை ஒரு விரல் நீளத்துக்கு விறைத்துக் கறுத்திருந்தது. திருகில் கை வைத்தால் அரைச் சுற்றுச் சும்மா திரும்பியது.

இது ஏன் நடக்கிறது, ஏன் பிரேக்கர் தானாக விழவில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி. 9.5 கிலோவாட் ஷவர் ஏறத்தாழ 40 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த முனையில் 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், கருவியில் பெரிதாகவே தெரியாத அளவு. 40 ஐ 40ஆல் பெருக்கி 0.05ஆல் பெருக்கினால் 80 வாட். விரல் நுனி அளவு இடத்தில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், 80 வாட் சூடு, ஒவ்வொருவரும் குளித்து முடிக்கும் வரை. பிரேக்கரைப் பொறுத்தவரை 40 ஆம்பியர் வழக்கமான அளவு, விழக் காரணமில்லை. ஆர்சிடியைப் பொறுத்தவரை போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறது, அதற்கும் காரணமில்லை. இரண்டு காவலாளியும் விழித்திருக்கும்போதே திருடன் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, செம்பு மேலும் தளர்ந்து, தடை மேலும் ஏறும்.

குறி: வெப்பத்தால் கெட்ட தடம் இருந்தால் சி2. பிளாஸ்டிக் உருகி உயிருள்ள பகுதி விரலுக்கு எட்டுகிறது என்றால் சி1. கேடு ஒரே ஒரு சுற்றில், அதாவது சர்க்யூட்டில், மட்டும் என்றால் அந்த வயரைக் கழற்றித் தனிமைப்படுத்தி, அறிக்கையில் அப்படிச் செய்ததையும் எழுதுங்கள், வீட்டில் இருப்பவரிடம் நேரில் சொல்லுங்கள். தளர்வு மட்டும் இருந்து சூட்டின் தடம் இல்லாவிட்டாலும் கனமான சுமையுள்ள சுற்றுக்கு நான் சி2 போடுவேன். அங்கேயே இறுக்கிச் சரிசெய்தால் அதையும் குறிப்பேன்.

உருகிய முனையைத் திருகி இறுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். வயரைக் கவ்வும் கிளாம்ப் சூடுபட்டதும் தன் விறைப்பை இழந்திருக்கும், மறுபடி தளரும். பிரேக்கரை மாற்ற வேண்டும், வயரைப் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி மறுபடி செருக வேண்டும். இறுக்க வேண்டிய அளவு தயாரிப்பாளரின் தாளில் இருக்கும், அதற்கு டார்க் திருகுளி வேண்டும். கை அனுபவம் போதும் என்பவர்களின் வேலையைத்தான் நான் அதிகம் திருத்தியிருக்கிறேன்.

தளர்வு எப்படி வருகிறது என்று தேடும்போது, திருகைத் தவிர வேறு சிலவற்றையும் பாருங்கள். வயரின் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துக் கிளாம்ப் கடித்திருக்கலாம். வயர் கிளாம்புக்குள் போகாமல் அதன் பின்னால் ஒளிந்திருக்கலாம். திருகு இறுகியதாகத் தெரியும், வயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். எல்லாப் பிரேக்கர்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் செம்புப் பட்டையான பஸ்பாரின் பல் பிரேக்கரின் கிளாம்புக்கு வெளியே நிற்கலாம். பெட்டியைப் பொருத்தும்போதே நடந்துவிடும் தவறு, பத்து ஆண்டு கழித்துத்தான் நாறும். ஒரே முனையில் தடித்த வயரும் மெல்லிய வயரும் சேர்ந்திருந்தால் மெல்லியது தளர்வாகவே இருக்கும். மெயின் சுவிட்சு முனைகளை மறக்கவே வேண்டாம். மீட்டர் மாற்றியவர் விறைப்பான டெயில்ஸை வளைத்து அசைத்திருப்பார், நம் பக்கத்துத் திருகு அதில் தளர்ந்திருக்கும். வீட்டின் முழுச் சுமையும் போகும் இடம் அது. ஆனால் வரும் முனைகள் உயிரோடு இருப்பதால், சப்ளையை முறைப்படி அணைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அங்கே திருகுளி போக வேண்டும்.

சூடு மீட்டரிலோ சர்வீஸ் ஃபியூஸிலோ தெரிந்தால் அது நம் பெட்டி அல்ல. வீட்டுக்காரரை உடனே 105க்கு அழைக்கச் சொல்லுங்கள். அது வலையமைப்பு நிறுவனத்துக்குப் போகும் இலவச எண்.

அறிக்கையில் என்ன எழுதுவது? ‘பெட்டி பழையது, மாற்றவும்’ என்பது பரிந்துரை. ‘6ஆம் சுற்று, ஷவர், பிரேக்கரின் கீழ் முனையில் இணைப்புத் தளர்வு, பிளாஸ்டிக் உருகிய தடம், வயர் உறை கருகல், சி2’ என்பது கண்டது. கண்டதை எழுதுங்கள், படத்தோடு. எப்படிச் சரிசெய்வது என்பது வேலை எடுப்பவரின் பாடு.

அறிகுறி: சத்தம், விளக்கு மினுக்கம்

மெல்லிய, சீரான ரீங்காரம் என்றால் முதலில் அழைப்புமணி டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகியுங்கள். பலர் அதைக் கேட்டு எனக்கு போன் செய்திருக்கிறார்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பது போல விட்டுவிட்டு வரும் சத்தம்தான் பொறி. சுமை ஏறும்போது கூடி, இறங்கும்போது நின்றால் சி2, எந்தச் சுற்று என்று தேடி அணைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு அறையில் மினுக்கினால் அந்தச் சுற்றில் தேடுங்கள். வீடு முழுவதும் மங்கித் தெளிந்தால் மெயின் சுவிட்சு, டெயில்ஸ், அல்லது தெருப்பக்க நியூட்ரல். நம் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் 105.

அறிகுறி: மூடியில் ஓட்டை, அடைப்பு இல்லை

பிரேக்கரை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடைக்காமல் விட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் பஸ்பாரின் பல் நிற்கிறது. குழந்தையின் விரல் போகும். சி1, பேச்சுக்கே இடமில்லை. பெட்டி இரும்போ பிளாஸ்டிக்கோ, குறி இதுதான். என் பையில் பல அளவு பிளாஸ்டிக் அடைப்புகள் எப்போதும் இருக்கும், அங்கேயே போட்டுவிடுவேன், போட்டதையும் எழுதிவிடுவேன். முந்தையவர் டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் சி2 போடுவேன். டேப் காய்ந்து உரியும்.

பிரேக்கர்களை மறைக்கும் ஆடும் கதவு மட்டும் உடைந்திருந்தால் அதிகபட்சம் சி3.

மேல்புறத்தைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். எட்டக்கூடிய மேல் பரப்பில் 1 மில்லிமீட்டர் கம்பி நுழையக்கூடாது, மற்றப் பக்கங்களில் விரல் நுழையக்கூடாது. மேலே கேபிள் போக வெட்டிய பெரிய துளை, சுற்றிலும் இடைவெளி: பெரும்பாலும் சி3. மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, அல்லது உயிருள்ள பகுதி எட்டும் என்றால் சி2. பழைய பெட்டிகளில் முதுகே இருக்காது, மரப்பலகைதான் முதுகு. பலகை கருகியிருந்தால் சி2, இல்லையேல் சி3. இரும்புப் பெட்டி வாங்கிப் போட்டு அதன் முதுகில் கை நுழையும் துளையை மரத்தை நோக்கித் திறந்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பெட்டி வாங்கிய பணம் அந்தத் துளை வழியாகப் போய்விட்டது.

அறிகுறி: பெட்டி ஒரு கம்பெனி, பிரேக்கர் வேறு கம்பெனி

பிரேக்கரும் பெட்டியும் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. பார்வைக்குப் பொருந்தினாலும் பஸ்பாரின் பல் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் கிளாம்ப் சரியாகக் கடிக்காது. உறுதியாகக் கடித்திருக்கிறது, சூடு இல்லை என்றால் சி3. சூட்டின் தடம் இருந்தால் சி2.

அறிகுறி: ஆர்சிடி இல்லாத பழைய பிளாஸ்டிக் பெட்டி

பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே இதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் இதுதான் பெரிய விஷயம். புல் வெட்டும் இயந்திரத்தைத் தோட்டத்துக்கு இழுக்கக்கூடிய சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி இல்லையென்றால் சி2. தரைத்தளச் சாக்கெட் பெரும்பாலும் அந்த வகைதான். வெளியே போக வாய்ப்பில்லாத சாக்கெட், சுவருக்குள் 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் புதைந்த கேபிள், விளக்குச் சுற்று ஆகியவற்றுக்கு இல்லையென்றால் சி3. குளியலறையில் ஆர்சிடியும் இல்லை, உலோகப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் துணை பாண்டிங்கும் இல்லை என்றால் சி2.

கம்பி மாற்றும் பழைய ஃபியூஸ் கட்டைகளுக்கு, அவற்றின் சரியான அளவுக் கம்பி இருந்து நிலை நன்றாக இருந்தால், பழமைக்காக மட்டும் குறி இல்லை. 30 ஆம்பியர் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் சி2.

அறிகுறி: 2016க்குப் பிறகு பொருத்திய பிளாஸ்டிக் பெட்டி

இங்கே வாக்குவாதம் சூடாகும். பொருத்திய நாளிலேயே விதிக்குப் புறம்பானது, ஆகவே சி2 என்பார்கள் சிலர். என் கருத்து வேறு. குறி ஆபத்தை அளக்கிறது, பொருத்தியவரின் ஒழுக்கத்தை அல்ல. 2014இல் பொருத்திய பெட்டியும் 2017இல் பொருத்திய பெட்டியும் ஒரே நிலையில் இருந்தால் ஆபத்து ஒன்றுதான். நான் சி3 போட்டு, அன்றைய விதியை மீறிப் பொருத்தியது என்று தெளிவாக எழுதுவேன். அப்புறம் பொருத்தியவர் தந்த சான்றிதழைக் கேட்பேன். சான்றிதழே இல்லையென்றால் உள்ளே ஒவ்வொரு திருகையும் பார்ப்பேன். விதி தெரியாமல் பெட்டி போட்டவர் வேறு எதைத் தெரியாமல் செய்திருப்பார் என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? கார் கொட்டகையில், தோட்டத்து அறையில் போட்டதும் வீட்டு வளாகம்தான், அதற்கும் இதே விதி.

அறிகுறி: திறக்கவே முடியவில்லை

முன்னால் அலமாரி பொருத்திவிட்டார்கள், அல்லது திருகு பெயின்ட்டில் மூழ்கிவிட்டது. எஃப்ஐ போட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள். பார்க்க முடியாததை ‘வரையறை’ என்று, காரணத்தோடும் வாடிக்கையாளரின் ஒப்புதலோடும் எழுத வேண்டும். எஃப்ஐ என்பது ஏதோ ஒன்றைக் கண்டு, அதன் ஆழம் தெரியாதபோது. மூடி வழியாகச் சூடு தெரிகிறது, ஆனால் அன்றைக்குத் திறக்க வழியில்லை என்றால் அது எஃப்ஐ.

அறிகுறி: பிளாஸ்டிக்கை மாற்றி இரும்பு போட்டாயிற்று, ஆனால் எர்த் கம்பி தோட்டத்தில்

யாரும் எதிர்பார்க்காத இடம் இது. சில வீடுகளுக்குத் தெருவிலிருந்து எர்த் வராது. தோட்டத்தில் அடித்த கம்பிதான் எர்த். ஊர்ப்புறங்களிலும் பின்தோட்டக் கொட்டகைகளிலும் காணலாம். டிடி என்போம். அந்தக் கம்பியின் தடை 50 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 4.6 ஆம்பியர். 100 ஆம்பியர் சர்வீஸ் ஃபியூஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இப்போது இரும்புப் பெட்டியின் கூரான துளை விளிம்பில் டெயில் உரசி, உறை கிழிந்துவிட்டது என்று வையுங்கள். பெட்டி முழுவதும் உயிராகும், அதோடு எர்த் வழியாக வீட்டிலுள்ள மற்ற இரும்பெல்லாம் உயிராகும். ஆர்சிடி அந்த இடத்துக்குப் பிறகுதான் இருக்கிறது, அதற்குத் தெரியாது. பிளாஸ்டிக் பெட்டியில் இந்த ஆபத்து இல்லவே இல்லை. ஆகவே டிடி வீட்டில் பிளாஸ்டிக்கை எடுத்து இரும்பைப் போட்டவர் டெயில் நுழையும் இடத்தில் வயரைக் கவ்விப் பாதுகாக்கும் பிளாஸ்டிக் கிளாண்ட் போட்டாரா, உள்ளுறையோடு வெளியுறையும் பெட்டிக்குள் வரை வந்திருக்கிறதா, இழுத்தால் அசையாதபடி கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். கிளாண்ட் இல்லாமல் டெயில் வெறும் இரும்பு விளிம்பில் சாய்ந்திருந்தால் நான் சி2 போடுவேன். முந்தைய அறிக்கையில், சமையலறையில் இருந்த குறையில்லாத பழைய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒருவர் போட்டிருந்த சி2ஐயும் அதோடு வைத்துப் பார்த்தால், வீட்டுக்காரர் பணம் கொடுத்து ஆபத்தை வாங்கியிருப்பது தெரியும்.